மிச்சம் எழுபத்திரண்டு பேர்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் அம்மா குலுக்கல் சீட்டு நடத்துகிறார். இருபது பேர் சேர்ந்த சீட்டு. ஆளுக்கு மாதம் 500 ரூபாய். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி மாலை விளக்கு வைத்தபின், இதுவரை சீட்டு எடுக்காதவர்களின் பெயர்களைக் காகிதத் துண்டுகளில் எழுதி மடித்து எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்குவார். பக்கத்து வீட்டுக் குழந்தை கையை விட்டு ஒன்றை எடுக்கும். பெயர் வந்தவர் 10,000 ரூபாயை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த மாதமும் தம் 500 ரூபாயைத் தவறாமல் கொண்டுவந்து கட்டுவார். முதல் மாதம் எடுத்தவருக்கும் இருபதாம் மாதம் எடுத்தவருக்கும் தொகை ஒன்றுதான், காத்திருக்கும் காலம்தான் வேறு.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், கோவாவில் நடக்கவிருந்த போக்கர் போட்டித் தொடர் ஒன்றில் ஆடுவதற்கான இடத்தை இணையவழித் தகுதிச் சுற்றில் வென்றேன். அதை அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் அவருடைய சீட்டையே உவமையாக எடுத்துக்கொண்டேன். பெரிய போட்டியில் உட்கார 35,000 ரூபாய் கட்ட வேண்டும். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. ஆகவே எண்பது பேர் ஆளுக்கு 3,500 ரூபாய் போட்டு 2,80,000 ரூபாய் சேர்த்து, அதில் எட்டு இடங்களை வாங்கி, ஆடி நிலைத்த எட்டுப் பேருக்குக் கொடுக்கிறார்கள் என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப மிச்சம் எழுபத்திரண்டு பேருக்கு எப்போ வரும்?"

"வராதும்மா. அவங்களுக்கு அவ்ளோதான்."

"இன்னாடா இது? அது எப்படி சீட்டாவும்?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் சிரித்துவிட்டு எழுந்து போனேன். இந்தக் கட்டுரையை எழுத எனக்கு நான்கு ஆண்டுகள் ஆனதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

இராணிப்பேட்டையில் தோல் காலணி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சீட்டாட்டம் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அப்பா ஓய்வு பெறும்வரை வாரம் ஒருமுறை மனமகிழ் மன்றத்துக்குப் போய் ரம்மி ஆடியவர். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1968இல் ஆந்திர மாநில வழக்கொன்றில் சொன்ன தீர்ப்பை, சட்டம் படித்தவரைப்போல அவர் மேற்கோள் காட்டுவார். நான் அவரிடம் ரம்மியும், கல்லூரி விடுதியில் மூணு சீட்டும், பிறகு கைப்பேசியில் போக்கரும் கற்றுக்கொண்டேன். போக்கரில் இன்று உலகெங்கும் பெரிதும் ஆடப்படும் வகை டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. ஐந்து சீட்டு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக. மொத்தம் ஏழில் சிறந்த ஐந்து யாரிடமோ அவருக்கு வெற்றி, அல்லது மற்றவர்கள் எல்லோரையும் சீட்டைக் கவிழ்க்க வைத்தவருக்கு வெற்றி. விதி இவ்வளவுதான். மிச்சமெல்லாம் எவ்வளவு கட்டுவது, எப்போது விடுவது என்பதில் இருக்கிறது.

பெரிய போட்டிக்குச் சிறிய போட்டி வழியாகப் போகும் முறைக்கு சாட்டிலைட் என்று பெயர். லாஸ் வேகாஸில் 1970 முதல் நடந்துவரும் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அவ்வளவு பணம் கையில் வைத்திருப்பவர்கள் எப்போதுமே குறைவு. பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டு ஆடி ஒருவரை உள்ளே அனுப்பலாமே என்ற யோசனைக்குச் சொந்தக்காரராக எரிக் டிரேக் என்பவரைச் சொல்வார்கள். 1983இல் டாம் மெக்இவாய் அப்படி உள்ளே வந்து முதன்மைப் போட்டியையே வென்றார்; சாட்டிலைட் வழியாக வந்து பட்டம் வென்றவர்களில் அவரே முதல்வர். இருபது ஆண்டுகள் கழித்து, 2003இல், டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற 27 வயதுக் கணக்காளர் இணையத்தில் 86 டாலர் சாட்டிலைட் ஒன்றில் தொடங்கி, அந்த ஆண்டு ஆடிய 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் பரிசை வென்றார். மறு ஆண்டு 2,576 பேர் வந்தார்கள். 2006இல் 8,773 பேர். அந்த மனிதர் நேருக்கு நேர் மேசையில் ஆடிய பெரிய போட்டி அதுவே முதல் என்பதையும், அவரும் என்னைப்போலக் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கியவர் என்பதையும் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இனி என் ஏணியின் கணக்கைச் சொல்கிறேன். இது எல்லா விளம்பரங்களிலும் விடுபட்டுப்போகும் கணக்கு. முதல் படி 385 ரூபாய்: அதில் 350 பரிசுத் தொகுப்புக்கு, 35 இணையதளத்தின் கட்டணம். அங்கே வென்றால் 3,850 ரூபாய் மதிப்புள்ள இரண்டாம் படிக்கு அனுமதி. ஒரு அனுமதிக்குப் பதினொரு பேரின் 350 வேண்டும் என்பதால், பதினொருவரில் ஒருவர் ஏறுவார். இரண்டாம் படியில் 3,500 தொகுப்புக்கு, 350 கட்டணத்துக்கு. பத்தில் ஒருவர் ஏறுவார். ஆகவே மற்றவர்களுக்குச் சமமாக மட்டுமே ஆடக்கூடிய ஒருவர், சராசரியாக 110 முறை 385 ரூபாய் கட்டினால் ஓர் இடம் கிடைக்கும். பெருக்கிப் பாருங்கள்: 42,350 ரூபாய். நேராகப் போய்ப் பணம் கட்டி உட்கார்ந்தால் 35,000. ஏழைக்கான வழி என்று நாம் நினைக்கும் இந்த ஏணி, மற்றவர்களைவிட நன்றாக ஆடாதவருக்கு நேர்வழியைவிட 7,350 ரூபாய் அதிகம் பிடிக்கிறது. ஒவ்வொரு படியிலும் பத்து விழுக்காடு கட்டணம், வட்டிக்கு வட்டிபோல ஏறுவதே அதற்குக் காரணம்.

அப்படியிருந்தும் நான் ஏன் ஆடினேன் என்றால், சாட்டிலைட் என்ற ஆட்டத்தில் எனக்கு உண்மையான காதல் இருந்தது. போக்கரில் அரிதான ஓர் அமைப்பு அதில் உண்டு. சாதாரணப் போட்டியில் முதலிடத்துக்கு ஒரு தொகை, இரண்டாம் இடத்துக்கு அதைவிடக் குறைந்த தொகை என்று பரிசு இறங்கிக்கொண்டே போகும்; எவ்வளவு சேர்த்தாலும் இன்னும் சேர்க்க வேண்டும். சாட்டிலைட்டில் எட்டு இடம் என்றால் எட்டும் ஒன்றே. பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளான சிப்புகளை மலைபோல் குவித்து முதலாவதாக முடித்தவருக்கும், ஒரே ஒரு சிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எட்டாவதாக ஒட்டிக்கொண்டவருக்கும் கிடைப்பது ஒரே நாற்காலி. போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று நம் ஊரில் சொல்வதை ஓர் ஆட்டத்தின் விதியாகவே எழுதிவைத்தால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது அது.

அன்று இரவு மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆடினேன். மார்ச் முடிவதற்குள்ளேயே வேலூரில் வெயில் சுவரில் ஏறிவிட்டிருந்தது. பத்து மணிக்கும் தளம் சுட்டது. அப்பா பாயை விரித்து அருகில் படுத்திருந்தார். எண்பது பேருக்கும் ஆளுக்கு 10,000 சிப் வீதம் மொத்தம் எட்டு லட்சம் சிப். நள்ளிரவு தாண்டி 12.40 ஆனபோது ஒன்பது பேர் மிஞ்சியிருந்தோம். ஒருவர் போனால் மற்ற எட்டுப் பேருக்கும் கோவா. இந்தக் கட்டத்தை பபிள் என்பார்கள், நீர்க்குமிழி. என்னிடம் 1,30,000 சிப் இருந்தது. கட்டாயமாகக் கட்ட வேண்டிய பிளைண்ட் 4,000, 8,000 என்று ஏறிவிட்டிருந்தது. ஒருவரிடம் 22,000, இன்னொருவரிடம் 15,000 மட்டுமே. என் முறைக்கு 8,000 கட்டியிருந்தேன். கையில் வந்தவை இரண்டு ராஜாக்கள், ஒன்று ஆர்ட்டின், ஒன்று கிளாவர். என்னைவிட அதிகமாக, 2,10,000 வைத்திருந்த ஒருவர் எல்லாவற்றையும் நடுவில் தள்ளி ஆல்-இன் என்றார்.

விரல் தானாக "கால்" பொத்தானுக்கு, அதாவது அவருக்குச் சமமாகக் கட்டும் பொத்தானுக்குப் போயிற்று. ஜோடி ராஜா என்பது ஹோல்டெமில் தொடக்கத்தில் வரும் கைகளில் இரண்டாவது பெரியது. எதிரியின் இரண்டு சீட்டு என்னவென்றே தெரியாதபோது, சராசரியாக நூற்றுக்கு 82 முறை அது வெல்லும். ஆனால் வென்றால் எனக்குக் கிடைப்பது என்ன? அதே நாற்காலி. கவிழ்த்துவிட்டால் 1,22,000 மிஞ்சும். 15,000 வைத்திருப்பவர் இன்னும் ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் தாங்கமாட்டார். என் இடம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் உறுதி. 82ஐ வாங்க 95ஐ விற்பது என்ன வியாபாரம்? கையில் ஜோடி ஏஸே இருந்தாலும் 85தான். கணக்கு தெளிவாக இருந்தது, மனம்தான் கேட்கவில்லை. மணித்துளி குறைந்துகொண்டிருந்தபோது அப்பா எழுந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார். போக்கர் அவருக்குத் தெரியாது. யார் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டார், சொன்னேன்.

"நூத்தியொண்ணு ஆட்டம் மாதிரிதானே? அவன் எண்பதுல நிக்கிறான், நீ இருபதுல நிக்கிற. நீ ஏன் ஆடணும்? டிராப் போட்டுட்டு சும்மா உக்காந்துகினு இரு. அவனே போயிடுவான்."

நூற்றியொன்று ரம்மியில் எண்ணிக்கை 101ஐ எட்டியவர் வெளியே. முதலிலேயே சீட்டைக் கீழே வைத்து டிராப் போட்டால் இருபது பாயின்ட் மட்டும் ஏறும். சிக்கிக்கொண்டால் எண்பதுவரை ஏறும். ஆகவே எண்பதில் நிற்பவருக்கு ஒரே ஒரு டிராப்தான் மிச்சம் என்பதும், இருபதில் நிற்பவர் நல்ல கை வந்தாலும் வம்புக்குப் போக வேண்டியதில்லை என்பதும் மன்றத்தில் நாற்பது ஆண்டுகள் ஆடியவருக்கு மூச்சு விடுவதுபோல. நான் மாதக்கணக்கில் காணொளிகளைப் பார்த்தும் விளங்கிக்கொள்ளத் தயங்கியதை அவர் அரைத் தூக்கத்தில் சொன்னார். ராஜாக்களைக் கவிழ்த்தேன். நான்கு ஆட்டம் கழித்து 15,000காரர் போனார். திரையில் வாழ்த்துச் செய்தி வந்தது. அப்பா மறுபடியும் படுத்துக்கொண்டார். நான் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

தமிழ்ப் புத்தாண்டு முடிந்த வாரம் காட்பாடியில் பிருந்தாவன் ஏறி பெங்களூரு போய், அங்கிருந்து இரவுப் பேருந்தில் பனாஜி சேர்ந்தேன். போக்குவரத்தும் தங்குமிடமும் சேர்த்து 9,000 ரூபாய்க்கு மேல் ஆனது. வென்ற இடத்துக்குள் அது அடங்கவில்லை. மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில்தான் அங்கே சூதாட்டக் கூடங்கள் நடக்கின்றன. கோவாவின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னால் செய்த திருத்தங்கள், ஐந்து நட்சத்திர விடுதிகளில் இயந்திர ஆட்டங்களுக்கும் கரைக்கு அப்பால் நிற்கும் கலங்களில் மேசை ஆட்டங்களுக்கும் இடம் கொடுத்தன. கரையிலிருந்து சிறு படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மேசை எண்ணும் நாற்காலி எண்ணும் அச்சிட்ட துண்டுச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சீட்டாட்டம், சீட்டு கட்டுவது, துண்டுச் சீட்டு, உட்காரும் சீட்: நம் மொழியில் இவை எல்லாம் ஒரே ஓசையில் வந்து நிற்பதை அந்தப் படகில்தான் முதன்முதலாகக் கவனித்தேன்.

இணையத்தில் ஒரு மேசையில் மணிக்கு எழுபது ஆட்டம்போல ஓடும். நேரில் டீலர் கலைத்து, வெட்டி, பரிமாறி, சிப் எண்ணி முடிக்க மணிக்கு இருபத்தைந்து, முப்பதுதான். பத்து மணி நேரம் உட்கார்ந்தால் 250 ஆட்டம். ஜோடி ஏஸ் 221 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும் என்பது கணக்கு, அதாவது நாள் முழுக்க ஒரு தடவை. அந்த மெதுவான ஓட்டம் என்னைப் பயமுறுத்தியது. வீட்டில் கை நடுங்கினால் யாருக்கும் தெரியாது. இங்கே இரண்டு சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் உயர்த்திப் பார்க்கும்போதே எட்டுப் பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுங்கும் கையில் பெரும்பாலும் நல்ல சீட்டு இருக்கும் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். எனக்கும் படித்துத் தெரியும். தெரிந்து என்ன, கை நடுங்கியது.

மூன்றாம் மணி நேரத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இணையத்திலிருந்து நேரே மேசைக்குப் போகும் எவருக்கும் இது நடக்கும். பிளைண்ட் 300, 600. எனக்கு முன்னால் ஒருவர் 1,500 என்று உயர்த்தினார். என்னிடம் ஏஸும் ராஜாவும். 5,000 ஆக உயர்த்த நினைத்து, 5,000 மதிப்புள்ள ஒரே சிப்பை எடுத்து, வாய் திறக்காமல் நடுவில் வைத்தேன். டீலர் "கால்" என்று சொல்லி 3,500ஐ எண்ணி என் பக்கம் திருப்பித் தள்ளினார். நான் உயர்த்தினேன் என்றேன். அவர் மேற்பார்வையாளரை அழைத்தார். அவர் பொறுமையாக விளக்கினார். வாயால் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பை வைத்தால் அது முந்தையவர் கட்டியதற்குச் சமமாகக் கட்டியதாகவே கொள்ளப்படும். உயர்த்த வேண்டுமானால் முதலில் "ரைஸ்" என்று சொல்ல வேண்டும், அல்லது உயர்த்தப் போதுமான அளவில் ஒன்றுக்கு மேற்பட்ட சிப்புகளை ஒரே அசைவில் வைக்க வேண்டும். உலகெங்கும் உள்ள விதி அது. அவர்கள் பக்கம் எந்தப் பிழையும் இல்லை. இணையத்தில் பொத்தானே நமக்காகப் பேசிவிடுகிறது. மேசையில் நம் வாயும் கையும் பேச வேண்டும். நடுவில் ராஜாவும் ஏழும் ஒன்பதும் விழுந்தன. அவர் ஜோடி ஏழு வைத்திருந்தார். மூன்று ஏழு ஆகிவிட்டது. முறையாக உயர்த்தியிருந்தால் அந்த ஜோடி ஏழை முதலிலேயே கவிழ்த்திருக்கவும் கூடும். 30,000 சிப்பில் தொடங்கிய என்னிடமிருந்து 9,000 அந்த ஆட்டத்தில் போனது.

ஆனால் என்னை வெளியே அனுப்பியது அந்தத் தவறு அல்ல. சாட்டிலைட்டில் கற்ற பழக்கமே என்னை அனுப்பியது. மாலையில் என் சிப்புகள் பதினான்கு பெரிய பிளைண்டுக்குச் சமமாகக் குறைந்துவிட்டிருந்தன. எல்லோரும் கவிழ்த்து, ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாறும் டீலர் பொத்தான் என்ற வில்லை முன்னிருக்கும் எனக்கு ஆட்டம் வந்தது; என் கையில் ஏஸும் பத்தும். பின்னால் பிளைண்ட் கட்டிய இரண்டே பேர். எல்லாவற்றையும் தள்ளியிருக்க வேண்டிய இடம் அது. தொடக்கநிலை நூல்களிலேயே இருக்கும் பாடம். மேசையில் என்னைவிடக் குறைவாக இருவர் வைத்திருப்பதைப் பார்த்து, அவர்கள் போகட்டும் என்று கவிழ்த்தேன். அவர்கள் போய் எனக்கு என்ன? இது எட்டு நாற்காலிக்கான ஆட்டம் அல்ல. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினருக்கு மட்டும் பரிசு, அதிலும் பெரும்பங்கு கடைசி மேசைக்கு. காத்திருப்பவரைப் பிளைண்ட் மெல்லத் தின்றுகொண்டேயிருக்கும். என்னை உள்ளே கொண்டுவந்த அதே பொறுமை, உள்ளே வந்தபின் என்னைக் கரைத்தது. தகுதிச் சுற்றில் சிறந்தவர் முதன்மைப் போட்டியில் தடுமாறுவது ஏன் என்று பலர் வியப்பதைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே சீட்டுக்கட்டில் ஆடும் இரண்டு வேறு ஆட்டங்கள்; ஒன்றில் போதும் என்ற எல்லை இருக்கிறது, மற்றதில் இல்லை.

நாள் முடிய ஒரு மணி நேரம் இருக்கையில் ஜோடி நான்கோடு எல்லாவற்றையும் தள்ளி வெளியேறினேன். என் வலப்பக்கம் இருந்தவர் அன்று மட்டும் மூன்றாவது முறையாக 35,000 கட்டி உட்கார்ந்திருந்தார். மறுநுழைவு என்ற வசதி அது. துப்பாக்கிக் குண்டுபோல எண்ணி, மூன்றாவது புல்லட் என்று சொல்வார்கள். அவருக்கு ஏஸும் பத்தும் வந்தால் யோசிக்க வேண்டியதில்லை. தவறினால் இன்னொரு புல்லட் இருக்கிறது. ஒரே ஒரு புல்லட்டோடு வந்தவரின் அச்சத்தை அவர் போன்றவர்கள் தொலைவிலிருந்தே மோப்பம் பிடிக்கிறார்கள். சாட்டிலைட் நமக்கு நாற்காலியைத்தான் வாங்கித் தருகிறது. அந்த நாற்காலியில் அச்சமின்றி உட்காரத் தேவையான பணத்தைத் தருவதில்லை. இதை முன்கூட்டியே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் அந்த இடத்தை வென்ற காலமே சட்டத்தின் இரண்டு கதவுகளுக்கு இடைப்பட்ட காலம். 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டத்தால் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத் திருத்தத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம். 2023 ஏப்ரலில் அது சட்டமானது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்ததை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் நீக்கியது. சட்டத்தின் மற்ற பகுதிகளை ஏற்றது. 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்ற விதி வந்தது. என் பபிள் நடந்தது 12.40க்கு. இதற்கிடையில் 2023 அக்டோபர் முதல், கட்டும் முழுத் தொகையின் மீதும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி வந்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் பத்து விழுக்காட்டையே தாங்காத என் ஏணி அதன்பின் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற அறுபதாண்டு வழக்கையே ஒதுக்கிவைத்துவிட்டு, பணம் வைத்து இணையத்தில் ஆடும் எல்லாவற்றையும் நாடு முழுவதும் தடை செய்தது.

கப்பலில் ஆடும் ஆட்டத்துக்கு அது பொருந்தாது. ஆற்றில் போட்டிகள் நடக்கின்றன; சாட்டிலைட்டும் அங்கேயே மேசையில் நடக்கிறது. மாறியது ஒன்றுதான்: ஏணியின் கீழ்ப்படி வேலூர் மொட்டைமாடியிலிருந்து எடுக்கப்பட்டு மாண்டவிக் கரையில் வைக்கப்பட்டுவிட்டது. முதல் படியில் கால் வைக்கவே இப்போது 9,000 ரூபாய் பயணச் செலவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. அப்பா டிராப் போடச் சொன்ன அந்த இரவு என் வாழ்வின் நல்ல இரவுகளில் ஒன்று, அது இனி யாருக்கும் அப்படி வாய்க்காது. ஆனால் தடை சரி என்றே இன்று நினைக்கிறேன். அந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது எந்தத் தீர்ப்பும் அல்ல, குடியாத்தத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஒரு தம்பி.

நான் கோவா போய்வந்த செய்தி அலுவலகத்தில் பரவியிருந்தது. "385 ரூபாயில கோவா போனீங்களாண்ணா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அது பொய்யல்ல, ஆனால் நான் முன்பு தோற்ற இருபத்தாறு முறைகளை அவனிடம் சொல்லவில்லை. முறையைச் சொல்லிக்கொடுத்தேன், ராஜாக்களைக் கவிழ்த்த கதையையும் பெருமையாகச் சொன்னேன். மே மாதம் தொடங்கினான். செப்டம்பரில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில், முகம் வெளுத்துப்போய், அக்காவின் வளையலை அடகு வைத்திருப்பதாகச் சொன்னான். அன்று மாலை அவனுடைய ஆட்ட வரலாற்றைத் தளத்திலிருந்து இறக்கி எக்செல்லில் போட்டு இருவரும் பார்த்தோம். ஐந்து மாதத்தில் 112 முறை முதல் படியில் கட்டியிருந்தான். ஒன்பது முறை வென்று இரண்டாம் படிக்கு ஏறியிருந்தான். ஒன்பதும் அங்கே போயிற்று. மொத்தம் 43,120 ரூபாய்.

நான் எத்தனையோ செலவுத் தாள்களைப் பார்த்தவன். இந்த எண்ணைப் பார்த்து என் கை மரத்துப்போனது. சமமாக ஆடுபவருக்கு ஓர் இடத்துக்கு ஆகும் சராசரிச் செலவு 42,350 என்று மேலே எழுதினேனே, அந்தக் கணக்கை நான் முதன்முதலில் போட்டது அன்று மாலைதான், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில். அவன் மூடன் அல்ல. மோசமாக ஆடியவனும் அல்ல. வெறிபிடித்து ஆடியவனும் அல்ல, இரவுக்கு ஒன்று என்ற ஒழுங்கோடுதான் ஆடியிருந்தான். அவன் சராசரி ஆட்டக்காரன், அவ்வளவே. ஏணி சராசரி மனிதனை என்ன செய்யும் என்று கணக்கு சொல்கிறதோ அதையே அவனுக்குச் செய்திருந்தது. என் எட்டு நாற்காலிக் கதைக்குள் அம்மா ஒரே நொடியில் கண்டுகொண்ட எழுபத்திரண்டு பேரில் ஒருவன் என் எதிரில், கால்குலேட்டர் வைத்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். அதுவரை அவர்களை நான் திரையில் மறையும் பெயர்களாக மட்டுமே பார்த்திருந்தேன்.

அடகை மீட்க நானும் கொஞ்சம் கொடுத்தேன். வாங்க மறுத்தான், பிறகு வாங்கிக்கொண்டான், மாதா மாதம் திருப்பிக் கட்டி முடித்தும்விட்டான். கைப்பேசியிலிருந்து அந்தச் செயலியை அவனே நீக்கினான். நான் சில மாதம் கழித்தே நீக்கினேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அம்மாவின் சீட்டு போன ஆண்டு புதிதாகத் தொடங்கியபோது ஓர் ஆள் குறைந்தது. தம்பியைச் சேர்த்துவிட்டேன். குடியாத்தத்திலிருந்து ஆள் வந்து கட்டுவானா என்று அம்மா முதலில் தயங்கினார். மாதம் தவறாமல் ஒன்பதாம் தேதியே 500 ரூபாய் வந்துவிடுகிறது. பதினான்கு மாதம் முடிந்திருக்கிறது. அவன் பெயர் இன்னும் வரவில்லை. டப்பாவில் ஆறு துண்டுகள் இருக்கின்றன.